16 கோலும் ஒரு ரயிலும்... போடி ரசிகரின் மறக்க முடியாத மே 26!

2022, மே 26, வியாழக்கிழமை. அன்று தேனி மாவட்டம் முழுக்க ஒரே பேச்சு, ரயில். 2010 டிசம்பர் கடைசியில் மீட்டர் கேஜ் பாதையை மூடியபோது, 'கொஞ்ச வருஷத்துல பெரிய ரயிலே வந்துரும்' என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால், 11 வருடங்கள் ஓடிவிட்டன. மதுரை - தேனி அகலப் பாதையைச் சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் தொடங்கிவைத்த மாலை அது. தேனியில் அந்த ரயிலோடு செல்ஃபி எடுக்க ஊரே கூடியிருந்தது.

அங்கிருந்து 15 கிலோமீட்டர் மேற்கே, போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதும் ஒருவர் மட்டும் ரயிலைப் பற்றிப் பேசாமல், கல்லாப்பெட்டிமேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் ஓடியது ஹாக்கி. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவும் இந்தோனேசியாவும் ஆடிக்கொண்டிருந்தன. மேலே நின்ற எண்ணையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், பக்கத்தில் கிடந்த துண்டுச்சீட்டில் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்கிறார். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் 'கணக்கண்ணன்'. அதுவே இங்கேயும் இருக்கட்டும்.

அவருடைய அந்த மாலையைப் புரிந்துகொள்ள, முதலில் போடியைக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

தினம் தினம் வெளியூர் ஆட்டம்

தேனியிலிருந்து போடிக்குள் நுழையும்போதே மலை மூன்று பக்கமும் வந்து நின்றுகொள்கிறது. எந்தத் தெருவில் நின்றாலும், தெருவின் முடிவில் மலைதான். மழைக்காலமென்றால் மேகம் பாதி மலையை மறைத்திருக்கும். 'தென்னகத்துக் காஷ்மீர்' என்று உள்ளூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் வரலாம்! ஆனால், ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருக்களில் நடந்தால் சந்தேகமே வராத விஷயம் ஒன்று உண்டு. அது வாசனை. மூட்டை பிரிக்கும்போது, சலிக்கும்போது, முறத்தில் புடைக்கும்போது காற்று முழுக்க ஏலக்காய்தான். வெளியூர்க்காரர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். போடிக்காரர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 'ஏலக்காய் நகரம்' என்று பெயர் வாங்கிய இந்த ஊரில் ஏலக்காய் விளையாது. விளைவதெல்லாம் மேலே, ஏலமலையில். அதிலும் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். கீழே போடியில் நடப்பது தரம் பிரிப்பதும், விற்பதும், வாங்குவதும். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டே இடங்களில்தான் பேர்பெற்றது. ஒன்று, இடுக்கியில் இருக்கும் புற்றடி, இன்னொன்று, போடி. உருண்டு திரண்டு பச்சை மாறாமல் 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்குத் தனி மரியாதை. வெடித்தது, கறுத்தது, சிறுத்தது எல்லாம் பெண்களின் விரல்களில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அவர்கள் பேசிக்கொண்டேதான் பிரிக்கிறார்கள். கை மட்டும் தப்பு செய்வதில்லை.

சரக்கு மேலிருந்து கீழே வருகிறது. ஆட்கள் கீழிருந்து மேலே போகிறார்கள். விடியும் முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியில் சோறு, தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதிகம். முந்தலைத் தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவுகள். புலியூத்து அருவியைக் கடந்து, போடிமெட்டில் மாநில எல்லையைத் தாண்டி, காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது அதே 17 வளைவுகளில் இறங்கி வீட்டுக்கு வருவார்கள். சீசன் நேரத்தில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டுதான் பயணம்.

கணக்கண்ணனின் அம்மாவும் அப்படி ஜீப் ஏறியவர்தான். போடிக்காரர்களுக்கு வாழ்க்கையே வெளியூர் மேட்ச் என்பது அவர் அடிக்கடி சொல்லும் விஷயம். சொந்த கிரவுண்ட் என்று ஒன்று கிடையாது. விளையாடப் போவது எப்போதும் அடுத்தவன் ஊரில்தான் என்பார். யோசித்துப் பார்த்தால் ஊரின் பழைய கதையும் அதுதான். வெள்ளைக்காரர்கள் காலத்தில் மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் மலை உச்சிக்கு வந்து, அங்கிருந்து ரோப் காரில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் மிச்சம். 1928-ல் போடிக்கே மீட்டர் கேஜ் ரயில் வந்தது. நடுவில் உலகப் போர் வந்து தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு மறுபடியும் போட்டார்கள். 2010-ல் மறுபடியும் நின்றது. போடிக்கு ரயில் என்பது வந்து வந்து போகிற விருந்தாளி.

ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் தோல்வி!

அந்த மீட்டர் கேஜ் ரயிலில்தான் 1980-களின் கடைசியில் கணக்கண்ணன் ஹாக்கி மட்டையோடு மதுரைக்குப் போனார். அப்போது அவர் கல்லூரி மாணவர், அணியில் ரைட் ஹாஃப். பயிற்சி சரளைக்கல் மைதானத்தில். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. மட்டைகள் பாதிக்கும் மேல் சீனியர்கள் விட்டுப்போனவை. உடைந்த மட்டைக்கு டேப் சுற்றுவதில் கெட்டிக்காரர் ஒருவர் அணியில் இருந்தார். ஆட்டத்தைவிட அதற்காகவே அவரை அணியில் வைத்திருந்ததாக ஒரு பேச்சும் உண்டு.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி என்றால் மதுரைதான். உசிலம்பட்டி, செக்கானூரணி என்று ரயில் ஆடி அசைந்து போகும். ஆண்டிபட்டி கணவாயில் பாறைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வரும்போது, அணியில் ஓர் அமைதி வந்துவிடும். மதுரைக் கல்லூரிகளில் ஹாஸ்டல் இருந்தது, கோச் இருந்தார், சமதளமான மைதானம் இருந்தது. கல்லே இல்லாத மைதானத்தில் பந்து இவ்வளவு வேகமாக வரும் என்பதைப் போடிப் பையன்கள் மதுரையில்தான் தெரிந்துகொண்டார்கள். மூன்று வருடம் போனார்கள், மூன்று வருடமும் தோற்றார்கள். ஒரே ஒரு ஆட்டம் டிரா. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் அவர் கால் மணி நேரம் பேசுவார். எதிரணி வீரர் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதைச் சொல்லும்போது, கை தானாக அந்தக் கம்பத்தைக் காற்றில் வரைகிறது.

ஆக, வெளியூருக்குப் போய் ஜெயிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, எந்த விளையாட்டாக இருந்தாலும் சின்ன அணி பக்கமே சாய்வார். ஐ.பி.எல் பார்ப்பதில்லை. அதில் யார் சின்ன அணி என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவருடைய குறை.

15 கோல் வேணும்!

2022 ஆசியக் கோப்பைக்கு இந்தியா அனுப்பியது முதல்தர அணியை அல்ல. சீனியர்கள் ஐரோப்பாவில் நடக்கவிருந்த புரோ லீக் ஆட்டங்களுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜகார்த்தாவுக்குப் போனவர்களில் பலர் அப்போதுதான் இந்திய சீனியர் ஜெர்சியை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தவர்கள், கல்லூரி வயதுப் பையன்கள். கேப்டனாக அறிவிக்கப்பட்ட ரூபிந்தர் பால் சிங் காயத்தால் விலக, பீரேந்திர லக்ரா கேப்டன் ஆனார். எஸ்.வி.சுனில் போல ஓரிரு அனுபவசாலிகள். பயிற்சியாளர், முன்னாள் கேப்டன் சர்தார் சிங்.

கணக்கண்ணனை இந்த அணியோடு கட்டிப்போட்டது வேறு இரண்டு பெயர்கள். அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குச் சென்னையின் வி.பாஸ்கரன்தான் கேப்டன். 2004 ஏதென்ஸில் கோவையின் ஆடம் சின்கிளேர் ஆடினார். அதற்கப்புறம் இந்திய ஆண்கள் அணியில் தமிழ்ப் பெயரைத் தேடித் தேடி அலுத்துப்போன ரசிகர்களுக்கு, ஒரே அணியில் இரண்டு பேர் என்பது பெரிய விருந்து.

மே 23, முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. முதல் ஆட்டத்திலேயே, முதல் கால் பகுதியிலேயே கார்த்தி கோல் அடித்துவிட்டார். கடைசி நிமிடம் வரை 1-0. முடியப்போகும் நேரத்தில் பாகிஸ்தான் ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கியது. மறுநாள் ஜப்பானிடம் 2-5 என்று சரியான அடி. இரண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. பாகிஸ்தானோ இந்தோனேசியாவை 13-0 என்று நொறுக்கிவிட்டு நான்கு புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தது.

இனி மே 26-ம் தேதி கணக்கு. அன்று முதலில் ஆடிய பாகிஸ்தான், ஜப்பானிடம் 2-3 என்று தோற்றது. ஒரு கட்டத்தில் மைதானத்தில் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றதால், பாகிஸ்தான் போட்ட ஒரு கோல் செல்லாது என்றானது. அந்தத் தோல்வி இந்தியாவுக்கு ஒரு சின்ன சந்தைத் திறந்துவிட்டது. இந்தோனேசியாவை ஜெயித்தால் இரண்டு அணிக்கும் நான்கு புள்ளிகள். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். பாகிஸ்தானுக்கு அடித்தது 16, வாங்கியது 4, மிச்சம் 12. இந்தியாவுக்கு அடித்தது 3, வாங்கியது 6, மைனஸ் 3. ஆக, 15 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இந்தியாவும் 12-க்கு வந்துவிடும். மொத்தமாக அடித்த கோல்களில் முந்திவிடும். 14 என்றால் வீட்டுக்கு டிக்கெட்.

துண்டுச்சீட்டில் அவர் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஏலக்காய் விலைக்கே அன்றைக்குக் கணக்குப் போட மனம் வராத காலம் அது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே விழுந்து கிடந்தது. மே மாதம் வேறு. புதுக்காய் வரவு இல்லை, தோட்டங்கள் மழைக்குக் காத்துக்கிடக்கும் சமயம். கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் தம்பிகள் ஒவ்வொருவராகப் போன் பக்கம் நகர்ந்தார்கள்.

"எத்தனண்ணே?"

"ஆறு ஆயிருச்சு. இன்னும் ஒம்போது வேணும்டா தம்பி."

அரைநேர இடைவேளை அது. நான்கு கால் பகுதிகளில் இரண்டு முடிந்துவிட்டது. 60 நிமிட ஆட்டத்தில் 15 கோல் என்றால் நான்கு நிமிடத்துக்கு ஒன்று. பாதி நேரத்தில் ஆறு என்றால் கணக்கு உதைக்கிறது. ஹாக்கி தெரியாத தம்பிகளுக்குக்கூட அது புரிந்தது. மூன்றாவது கால் பகுதி முடியும்போது பத்து. இன்னும் 15 நிமிடம், ஐந்து கோல். கடைக்கு வந்த வியாபாரி ஒருவர் ரயில் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். 'சித்த இருங்கண்ணே' என்று அவரையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

திப்சன் திர்கி அன்று பெனால்டி கார்னர் பந்துகளைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினார். மொத்தம் ஐந்து கோல். அபரண் சுதேவ் மூன்று. கார்த்தி செல்வமும் ஒன்று போட்டார். பதினான்கில் நின்றபோது கடையில் யாரும் மூச்சு விடவில்லை. கடைசி நிமிடங்களில் 15. அடுத்து 16. ஆட்டம் முடிந்தது, 16-0.

தம்பிகள் விசிலடித்தார்கள். ரயில் பேச்சோடு வந்த வியாபாரியும் எதற்கென்று முழுசாகத் தெரியாமலே கைதட்டினார். கணக்கண்ணன் எழுந்து வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாரா என்பதில் தம்பிகளுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லோருக்கும் பருத்திப்பால் அவர் செலவில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மைதானத்தில் உண்மையான நோஞ்சான் அணி இந்தோனேசியாதான். சொந்த ஊர், சொந்த ஜனம், எதிரே கோல் மழை. சின்ன அணிகளின் ரசிகரான கணக்கண்ணனுக்கும் இது உறுத்தியிருக்கிறது. கடைசிக் கோலுக்குப் பிறகு அந்தக் கோல்கீப்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறார். மதுரை மைதானத்தில் தானும் அப்படி நின்றிருக்கிறார் இல்லையா!

அதனால் அவருக்கு அதைவிடப் பெரிய ஆட்டம், இரண்டு நாள் கழித்து சனிக்கிழமை வந்தது. சூப்பர் 4 சுற்று, எதிரே மறுபடியும் ஜப்பான். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சாம்பியன். நான்கு நாளுக்கு முன்னால் ஐந்து கோல் போட்டு அனுப்பிய அதே அணி. இந்த முறை மன்ஜீத் ஒன்று, பவன் ராஜ்பர் ஒன்று, இந்தியா 2-1. ஒரு புள்ளியோடு தத்தளித்த இரண்டாம்தரப் பையன்கள், வெளிநாட்டு மண்ணில், தங்களைத் தோற்கடித்தவர்களைத் திருப்பித் தோற்கடித்தார்கள். அன்று அவர் யாருக்கும் எதுவும் வாங்கித் தரவில்லை. நேராக வீட்டுக்குப் போய், பரண்மேல் கிடந்த பழைய மட்டையை இறக்கித் துடைத்தார்.

அதன்பிறகு மலேசியாவோடு 3-3, கொரியாவோடு 4-4. கொரியா ஆட்டத்தில் நான்காவது கோல் கோவில்பட்டி மாரீஸ்வரனுடையது. மூன்று ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல், கோல் வித்தியாசத்தில் இறுதிப்போட்டி கைநழுவியது. எந்தக் கணக்கு உள்ளே கொண்டுவந்து விட்டதோ, அதே கணக்கு வெளியே நிறுத்தியது. ஜூன் 1-ம் தேதி மறுபடியும் ஜப்பானை, ராஜ்குமார் பாலின் ஒற்றைக் கோலால் வென்று வெண்கலம். அந்த வெண்கலத்தின் அருமை அணியின் சராசரி வயதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

காய் போகும் வழியில் கோவில்பட்டி

போடி ஏலக்காய் விருதுநகர் வியாபாரிகளிடமும் போகிறது. கணக்குத் தீர்க்க வருடத்தில் சில முறை விருதுநகர் போவது கணக்கண்ணனின் வேலை. அங்கிருந்து தெற்கே சாத்தூர் தாண்டினால் கோவில்பட்டி. ஜகார்த்தாவுக்குப் பிறகு ஒரு முறை, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் அப்படியே கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டார்.

கரிசல் காடு. தீப்பெட்டி ஆலைகள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய். இதற்கு நடுவில்தான் அந்த ஊர், ஹாக்கியைப் பல தலைமுறையாகப் பிடித்து வைத்திருக்கிறது. 'ஹாக்கிப்பட்டி' என்றே சொல்வார்கள். சைக்கிளில் மட்டையைச் சொருகிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் போவது அங்கே சாதாரணக் காட்சி. தெருவுக்குத் தெரு கிளப், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி, செயற்கைப் புல்தரை மைதானம், வருடா வருடம் வெளிமாநில அணிகள் வந்து ஆடும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை. அரியலூர் கார்த்தியும் இங்கே வந்து தங்கிப் பயிற்சி எடுத்தவர்தான். பெரிய நகரம் இல்லை, பெரிய பணம் இல்லை. ஆனால், வேளை தவறாமல் மைதானத்துக்கு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். போடிக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று கணக்கண்ணனுக்கு அன்று பட்டிருக்கிறது. மட்டை இருந்தது, பையன்கள் இருந்தார்கள். படித்து முடித்த பிறகு மைதானத்துக்குத் திரும்பி வந்து அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவரும்தான் போகவில்லை.

அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அப்பாவின் ரசனை தெரிந்து, அவ்வப்போது எங்கோ நடந்த ஆட்டங்களின் வீடியோவை அனுப்பி வைப்பார். அதில் ஒன்று, அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கி. 2006 மார்ச் 24. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டி. ஒரு பக்கம் மின்னசோட்டா பல்கலைக்கழகம், 2002, 2003 என்று அடுத்தடுத்துப் பட்டம் வென்ற ஜாம்பவான். இன்னொரு பக்கம் ஹோலி கிராஸ், மாசசூசெட்ஸிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி வடக்கு டகோட்டாவுக்கு ஆட வந்த ஒரு சின்னக் கல்லூரி. 3-3 சமநிலை. கூடுதல் நேரம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் ஹோலி கிராஸ் கோல் போட்டு 4-3 என்று முடித்துவிட்டது. கணக்கண்ணனுக்குப் பிடித்தது கோல்கூட இல்லை. அரங்கில் இருந்த வடக்கு டகோட்டா ஜனம், யாரென்றே தெரியாத அந்தக் கல்லூரிக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. மின்னசோட்டா அவர்களுடைய பரம எதிரி என்பது காரணமாக இருக்கலாம். இருந்தாலும், வெளியூருக்குப் போன பிள்ளைகளுக்கு அந்த ஊர் ஜனமே கைதட்டினால் எப்படி இருக்கும்! மதுரையில் ஆடிய மூன்று வருடத்தில் போடி அணிக்குக் கைதட்டியவர், டீ கொண்டுவந்த பையன் ஒருவன்தான் என்று சிரிக்கிறார்.

ரயில் வந்தது... ஆனால்!

2022 மே 27-ம் தேதியிலிருந்து தேனி வரை ரயில் தினமும் ஓடியது. போடிக்கு வரவில்லை. மிச்சமிருந்த 15 கிலோமீட்டருக்கு இன்னும் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். 2023 ஜூன் 15-ம் தேதி போடி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது, வரவேற்க ஊரே திரண்டது. மதுரைக்குத் தினசரி ரயில், சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில்.

இதில் போடிக்காரர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. தினசரி ரயில் காலையில் மதுரையில் கிளம்பிப் போடிக்கு வரும். மாலையில் போடியில் கிளம்பி மதுரைக்குப் போகும். சுற்றுலாப் பயணிகளுக்கு இது அருமையான நேரம். காலையில் மதுரைக்குப் போய் வேலையை முடித்துவிட்டு இரவு வீடு திரும்ப வேண்டிய போடிக்காரருக்கு ஒத்து வராது. ரயில்கூட மதுரைக்குத்தான் சொந்த ஊர், போடிக்கு வெளியூர்! நேரம் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் இந்த ரயிலில் ஆண்டிபட்டி கணவாயைத் தவறவிடக் கூடாது. இரண்டு பக்கமும் பாறையை வெட்டிப் போட்ட பாதை, அதைக் கடந்ததும் தூரத்தில் நீலமாக மலைத்தொடர். போடியில் இறங்கி, மாலை வெயில் தணிந்ததும் பரமசிவன் மலைக்கோயில் படியேறினால் ஊர் முழுக்கக் காலடியில் தெரியும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போடிமெட்டு. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் மூணாறுக்குப் போகிறது. வளைவுக்கு வளைவு வெயில் குறைந்து குளிர் ஏறும். சொந்த வண்டியில் போனால், ஏறி வரும் தொழிலாளர் ஜீப்களுக்கு வழிவிடுங்கள். அவர்களுக்கு அது சுற்றுலா இல்லை. இறங்கும்போது கடைத்தெருவில் ஏலக்காய் வாங்குபவர்கள், உரித்துப் பார்த்து உள்ளே விதை கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். மேல் பச்சையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள். மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் புத்தம் புதிய மைதானம். டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை இந்தியாவுக்கு மதுரையில் ஆட்டம், எதிரே சுவிட்சர்லாந்து. ஏலக்காய் சீசன் உச்சத்தில் இருந்தாலும் கணக்கண்ணன் கடைக்கு லீவு சொல்லிவிட்டார். கூடவே அந்த சுமைதூக்கும் தம்பிகளில் இரண்டு பேர். 35 வருடத்துக்கு முன் தோற்ற அதே ஊரில், நீலப் புல்தரையைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, குனிந்து கல் கிடக்கிறதா என்று தேடியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

இந்தியா 5-0 என்று சுலபமாக ஜெயித்தது. கேலரி முழுக்க ஆரவாரம். தம்பிகள் தொண்டை கட்டும் வரை கத்தினார்கள். நடுவில் ஒரு முறை, சுவிட்சர்லாந்து கோல்கீப்பர் விழுந்து புரண்டு ஒரு பந்தைத் தடுத்தபோது, அந்த வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். தம்பிகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணே, அது அவிய்ங்க கோல்கீப்பர்ண்ணே!"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு, இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.